நிற்க மறுக்கும் நெட்வொர்க் சேவை: நேரத்தைக் குறைப்பதா, வரிசையைத் திருத்துவதா?

லினக்ஸ் கணினியை அணைக்கச் சொன்னதும் திரை கறுத்துவிடும். அதில் ஒரே ஒரு வரி நிற்கும். 'எ ஸ்டாப் ஜாப் இஸ் ரன்னிங்' என்று தொடங்கி, பின்னணியில் ஓடும் ஏதோ ஒரு சேவையின் பெயரைச் சொல்லி, 1 நிமிடம் 30 விநாடி வரை எண்ணிக்கொண்டே போகும் வரி அது. மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பட்டணத்திலும் சுற்றுத் தோட்டங்களிலும் தமிழ்ப்பள்ளிக் கணினி அறை, கூட்டுறவுக் கடை, எடைமேடை, கோயில் அலுவலகம் போன்ற இடங்களில் லினக்ஸ் பெட்டிகளைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இதைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். காத்திருப்பு நேரத்தைக் குறைத்துவிட்டால் போதுமா, வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்பது கேள்வி.

கேட்பவர்களில் பலர், நேரத்தைப் பத்து விநாடியாகக் குறைக்கும் ஒரு வரியை ஏற்கெனவே எங்கிருந்தோ எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அந்த வரி வேலை செய்யும். கணினி சட்டென்று அணையும். பள்ளிக்கூடத்துக் கணினியில் அதனால் பெரும்பாலும் ஒரு சேதமும் வராது. அதே வரி எடைமேடைக் கணினியில் ஒரு லாரியின் செம்பனைக் குலை எடையை அழித்துவிடக்கூடும். அதனால், எந்தச் சேவை என்ன காரணத்தால் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகுதான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காரணத்தைக் கண்டுபிடிப்பது ஐந்து நிமிட வேலைதான்; கீழே சொல்கிறேன்.

கட்டளைகளையும் அமைப்பு வரிகளையும் ஒலிப்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் இடும்போது ஆங்கில எழுத்தில், சொற்களைச் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். குழப்பம் வரக்கூடியவற்றுக்கு ஆங்கில வடிவத்தை அடைப்புக்குறிக்குள் தந்திருக்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது

முதல் அளவுகோல், நிற்க மறுக்கும் சேவையின் கையில் என்ன இருக்கிறது என்பது. வட்டில் இன்னும் எழுதாத பதிவு இருக்கிறதா, அல்லது யாரோ பதில் சொல்வார்கள் என்று சும்மா காத்திருக்கிறதா? தோட்டத்தில் வெட்டுக்காரரின் கூலி, வெட்டிய குலையோடும் அதன் எடையோடும் கட்டப்பட்டது. ஒரு லாரியின் எடை பதிவேட்டில் இல்லாமல் போனால் அது கணினிக் கோளாறாக மட்டும் முடியாது. யாரோ ஒருவருடைய சம்பளத்தில் போய் விழும். மற்ற எல்லா அளவுகோல்களுக்கும் மேலாக இதை வைக்கிறேன்.

அடுத்தது, கடைசியாகக் கதவைப் பூட்டுகிறவர். உட்கார்ந்து வேலை பார்க்கிறவருக்கு ஒன்றரை நிமிடம் ஒன்றுமில்லை. கல்லாவைக் கணக்கு முடித்து, சாவியைக் கையில் எடுத்து, கடைசி பஸ்ஸைப் பிடிக்க நிற்கும் அக்காவுக்கு அது நீண்ட நேரம். அவர் என்ன செய்வார்? பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடிப்பார், அல்லது சுவரில் உள்ள சுவிட்சைத் தட்டிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் மென்பொருள் செய்யக்கூடிய எந்த வலுக்கட்டாய நிறுத்தத்தையும்விட அது மோசமானது. ஆகவே, நேரத்தைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுவதுதான் பத்திரம் என்று எண்ண வேண்டாம். மனிதர் தாங்காத காத்திருப்பு சுவிட்சில்தான் முடியும்.

மூன்றாவது மின்சாரம். பேராக்கில் பிற்பகல் இடிமழைக்குப் பழகியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மின்சாரம் போனால் கணினியைத் தாங்கிப் பிடிக்க சிறு அலுவலகங்களில் இருக்கும் யுபிஎஸ், பேட்டரி பழையதாகிவிட்டால் சில நிமிடங்கள்தான் தாங்கும். பேட்டரி தீரப்போகிறது என்று யுபிஎஸ் சொன்ன பிறகுதான் கணினி அணையத் தொடங்குகிறது என்றால், அந்த நேரத்தில் ஒரு சேவை 90 விநாடி பிடித்துக்கொள்வது ஆபத்து. ஒன்றுக்குப் பின் ஒன்றாக நிற்க வேண்டிய இரண்டு சேவைகள் தொங்கினால் 3 நிமிடம். அதற்குள் பேட்டரி தீர்ந்துவிடலாம்.

கடைசியாக, செய்த மாற்றம் நிலைக்குமா, அடுத்து வருபவருக்கு விளங்குமா என்பது. ஈப்போவிலிருந்து தொழில்நுட்பர் வருவதென்றால் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். அவர் வந்து, ஏன் இந்த வரி இருக்கிறது என்று தெரியாமல் அழித்துவிட்டால் பழைய கதை மீண்டும் தொடங்கும்.

## எதையும் தொடும் முன் ஒரு சோதனை

உபுண்டு, ஃபெடோரா போன்ற இன்றைய லினக்ஸ் விநியோகங்களில் பெரும்பாலானவை சிஸ்டம்டி என்ற நிர்வாகியைத்தான் பயன்படுத்துகின்றன. ஒரு சேவையை நிறுத்தும்போது அது முதலில் சிக்-டெர்ம் என்ற சைகையை அனுப்புகிறது. 'வேலையை முடித்துக்கொண்டு கிளம்பு' என்பது அதன் பொருள். 90 விநாடி பார்க்கும். அதற்குள் சேவை கிளம்பாவிட்டால் சிக்-கில் என்ற இரண்டாவது சைகை. அதை எந்த நிரலும் பிடித்து மறுக்க முடியாது. திரையில் நாம் பார்ப்பது இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை.

கணினி முழுதும் ஓடிக்கொண்டிருக்கும்போதே, நெட்வொர்க் நன்றாக இருக்கும்போதே, அந்தச் சேவையை மட்டும் 'சிஸ்டம்சிடிஎல் ஸ்டாப்' கட்டளையால் நிறுத்திப் பாருங்கள். எடைமேடையில் இதைச் செய்வதாக இருந்தால் வரிசையில் லாரி இல்லாத நேரமாகப் பாருங்கள்.

உடனே நின்றுவிட்டால் நிரலில் கோளாறு இல்லை. அணைக்கும்போது மட்டும் தொங்குகிறது என்றால், அதற்கு வேண்டிய ஏதோ ஒன்று அதற்கு முன்பே போய்விடுகிறது, வரிசையில் பிழை. இப்போதும் ஒன்றரை நிமிடம் தொங்கினால் வரிசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நிரலோ அதை நிறுத்தும் முறையோதான் காரணம். இந்த ஒரு சோதனை பாதி வழிகளைக் கழித்துவிடும்.

மீதியைச் சிஸ்டம்டியின் பதிவேடு சொல்லும். முந்தைய ஓட்டத்தின் பதிவைப் படிக்க 'ஜர்னல்சிடிஎல்' கட்டளையோடு 'பி' விருப்பத்தையும் கழித்தல் ஒன்று என்ற எண்ணையும் கொடுக்க வேண்டும். பழைய பதிவு எதுவும் இல்லை என்று வந்தால், பதிவேடு நினைவகத்திலேயே வைக்கப்பட்டு அணைக்கும்போது அழிகிறது என்று பொருள். வார்-லாக் அடைவுக்குள் 'ஜர்னல்' என்ற அடைவை உருவாக்கி, கணினியை ஒருமுறை மறுபடி தொடங்கினால் அடுத்த முறை முதல் வட்டில் தங்கும். அங்கே மூன்று விதமான வரிகளில் ஒன்று கண்ணில் படும்.

'ஸ்டாப்பிங் டைம்ட் அவுட்' என்றிருந்தால், சேவையை நிறுத்துவதற்கென்று எழுதிய கட்டளையே மாட்டிக்கொண்டிருக்கிறது. 'ஸ்டாப்-சிக்டெர்ம் டைம்ட் அவுட்' என்றால், நிரல் முதல் சைகையைக் கண்டுகொள்ளவில்லை. 'புராசஸஸ் ஸ்டில் அரவுண்ட் ஆஃப்டர் சிக்கில்' என்று வந்தால் நிலைமை வேறு. கொல்லும் சைகைக்குப் பிறகும் செயல்முறை உயிரோடு இருக்கிறது. அது இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்குள், வட்டுக்கோ வேறு கணினியின் கோப்புகளைத் தரும் தொலைப் பகிர்வுக்கோ காத்திருக்கிறது. நேரத்தைக் குறைத்து இந்த மூன்றாவது வகையைச் சரிசெய்யவே முடியாது.

## வழி 1: கணினி முழுமைக்கும் நேரத்தைக் குறைப்பது

இடிசி அடைவில் சிஸ்டம்டிக்குரிய 'சிஸ்டம் கான்ஃப்' (system.conf) கோப்பில் 'டிஃபால்ட் டைம்அவுட் ஸ்டாப் செக்' (DefaultTimeoutStopSec) என்ற வரி இருக்கிறது. வரியின் முன்னால் '#' குறி இருந்தால் அதை நீக்கி, 90 விநாடி என்பதை 15 என்று மாற்றினால் முடிந்தது. ஃபெடோரா விநியோகமே தன் 38-ஆம் பதிப்பில் இந்த நேரத்தை 45 விநாடியாகக் குறைத்தது. ஆக, குறைப்பது தவறான காரியம் ஒன்றுமில்லை.

பூட்டுகிறவருக்கும் யுபிஎஸ்ஸுக்கும் இது நல்லது. தரவுக்குத்தான் கேள்விக்குறி. தொங்குகிற சேவையோடு சேர்த்து, ஒழுங்காக 20 விநாடி எடுத்துத் தன் பதிவுகளை எழுதி முடிக்கும் நல்ல சேவையும் 15-ஆவது விநாடியில் கொல்லப்படும். தண்டனை குற்றவாளிக்கு மட்டும் போகாது. பல தரவுத்தளங்கள் தங்கள் யூனிட் கோப்பில் (ஒரு சேவையை எப்படித் தொடங்குவது, நிறுத்துவது என்று சிஸ்டம்டிக்குச் சொல்லும் கோப்பு) சொந்த நேரத்தை எழுதி வைத்திருக்கும். அவற்றை இந்தப் பொது வரி தொடாது. நாமே எழுதி ஓட்டும் சிறு நிரல்களுக்கு அந்தக் காப்பு இல்லை.

இன்னொன்று: திரையில் 'யூசர் மேனேஜர்' என்ற பெயரில் 2 நிமிடக் கடிகாரம் ஓடினால், அதற்கும் தன் சொந்த நேரம் உண்டு. இந்த வரியை மாற்றிவிட்டு 'ஒன்றும் ஆகவில்லையே' என்று திகைப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெறும் உலாவியும் எழுத்துச் செயலியும் ஓடும் கணினி அறைக்கு இது போதும். பதிவு எதையும் சேமிக்கும் கணினிக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

## வழி 2: அந்தச் சேவைக்கு மட்டும் நேரத்தைக் குறைப்பது

'சிஸ்டம்சிடிஎல் எடிட்' என்று சேவையின் பெயரோடு கொடுத்தால், இடிசி அடைவுக்குள் அந்தச் சேவைக்கென ஒரு துணைக்கோப்பு உருவாகும். அதில் சர்வீஸ் பகுதியின் கீழ் 'டைம்அவுட் ஸ்டாப் செக்' (TimeoutStopSec) வரியை எழுத வேண்டும். மற்ற சேவைகளுக்குப் பழைய 90 விநாடி அப்படியே இருக்கும். மூலக் கோப்பைத் திறந்து திருத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அடுத்த புதுப்பிப்பு வந்து அதை மேலெழுதிவிடும். துணைக்கோப்பு தங்கும். ஏன் இந்த வரி என்று அதிலேயே ஒரு குறிப்பும் எழுதி வையுங்கள்.

சேவை சும்மாதான் காத்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் இதைத் தயங்காமல் செய்யலாம். கேமராப் படத்தை வேறு கணினிக்குக் கடத்தும் இடைச்சேவை, பிரிண்டரைத் தேடிக்கொண்டே இருக்கும் சேவை, வேறு முனையில் பதில் இல்லாமல் கிடக்கும் விபிஎன் போன்றவை இந்த வகை. 5 அல்லது 10 விநாடி போதும்.

மறைந்த செலவு ஒன்று உண்டு. நோய் அப்படியே இருக்கும். அதன் அறிகுறி மட்டும் கண்ணுக்கு மறையும். நாளை அதே நிரலில் யாராவது பதிவு செய்யும் வசதியைச் சேர்த்தால், அன்றிலிருந்து அந்த 5 விநாடி தரவை வெட்டத் தொடங்கும். அப்போது இந்தத் துணைக்கோப்பு யாருக்கும் நினைவிருக்காது.

## வழி 3: வரிசையைத் திருத்துவது

நெட்வொர்க் சேவைகளைப் பொறுத்தவரை பெரும்பாலான தொங்கல்களுக்குக் காரணம் இதுதான். செலவும் மிகக் குறைவு. அதனால் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

சிஸ்டம்டி, எந்த வரிசையில் சேவைகளைத் தொடங்கியதோ அதற்கு நேர் எதிர் வரிசையில் நிறுத்தும். கோயிலில் காலையில் வெளிக்கதவைத் திறந்த பிறகு கருவறையைத் திறப்பார்கள். இரவில் கருவறையை நடை சாத்திய பிறகுதான் வெளிக்கதவைப் பூட்டுவார்கள். அதே முறைதான் இது. ஆனால் எது முன், எது பின் என்று நாம் சொல்லாவிட்டால் அதற்குத் தெரியாது. நாமே எழுதிய யூனிட் கோப்பில் வரிசை வரி இல்லையென்றால், அணைக்கும்போது நெட்வொர்க்கும் நம் சேவையும் ஒரே நேரத்தில் நிறுத்தப்படும். நெட்வொர்க் முந்திக்கொண்டால், நம் நிரல் 'போய் வருகிறேன்' என்று சர்வருக்குச் சொல்ல முயன்று, பதில் வராமல், கடிகாரம் முடியும்வரை நிற்கும்.

திருத்தம் ஒரே வரி: யூனிட் பகுதியில் 'ஆஃப்டர்' என்று எழுதி அதற்கு 'நெட்வொர்க் டார்கெட்' (network.target) என்ற மதிப்பைக் கொடுப்பது. டார்கெட் என்பது, சேவைகள் தங்கள் முன்பின் வரிசையைச் சொல்லப் பயன்படும் ஒரு கட்டத்தின் பெயர். தொடங்கும்போது இந்த வரிக்கு அவ்வளவு மதிப்பில்லை; நெட்வொர்க் உண்மையில் இணைந்துவிட்டதா என்று அது பார்ப்பதில்லை. அதன் முக்கியப் பயனே அணைக்கும்போதுதான். நெட்வொர்க்கை இறக்கும் முன் நம் சேவை நின்று முடிந்திருக்கும் என்று அது உறுதி செய்கிறது. பலர் 'நெட்வொர்க் ஆன்லைன் டார்கெட்' (network-online.target) என்பதை மட்டும் எழுதி, அதை இழுத்து வரும் 'வான்ட்ஸ்' வரியை விட்டுவிடுகிறார்கள். வேறு எந்தச் சேவையும் அந்த டார்கெட்டைக் கேட்டிருக்காவிட்டால் அது இயக்கத்துக்கே வராது, வரிசையும் உருவாகாது. தொடக்கத்தில் இணைப்புக்குக் காத்திருக்க வேண்டிய சேவையானால் இரண்டு டார்கெட்களையும் 'ஆஃப்டர்' வரியில் எழுதி, 'வான்ட்ஸ்' வரியையும் சேர்த்துவிடுங்கள்.

தொலைப் பகிர்வை அடைவாக இணைத்து வைத்திருப்பவர்களுக்குச் சிக்கல் கொஞ்சம் கூடுதல். என்எஃப்எஸ், சிஐஎஃப்எஸ் என்ற பகிர்வு வகைகளைச் சிஸ்டம்டி தானே அடையாளம் கண்டு, நெட்வொர்க் இறங்கும் முன் கழற்றிவிடும். ஐஸ்கஸி என்ற முறையில் நெட்வொர்க் வழியாக வரும் வட்டில் எக்ஸ்ட்4 கோப்பு முறையைப் போட்டிருந்தால் அதைச் சாதாரண உள்வட்டு என்று நினைத்துக்கொள்ளும்; இணைக்க வேண்டிய வட்டுகளைப் பட்டியலிடும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் 'நெட்டெவ்' விருப்பத்தை, முன்னால் ஓர் அடிக்கோடு இட்டு (_netdev), சேர்க்க வேண்டும். வைஃபை இணைப்பை ஒரு பயனருக்கு மட்டும் என்று சேமித்திருந்தால் இன்னொரு பொறி இருக்கிறது. அவர் கணக்கிலிருந்து வெளியேறும் கணத்திலேயே இணைப்பு அறுந்துவிடும். பகிர்வைக் கழற்றும் வேலை அதன் பிறகு அனாதையாக நிற்கும். நெட்வொர்க் மேனேஜரில் அந்த இணைப்பை எல்லாப் பயனர்களுக்கும் என்று மாற்றினால் தீர்ந்துவிடும்.

எந்த யூனிட் கோப்பாலும் தீராத ஒரு வரிசைப் பிழையும் உண்டு. பள்ளி முடிந்ததும் ஆசிரியர் முதலில் அலமாரிக்குள் இருக்கும் நாஸ் பெட்டியின் (எல்லாக் கணினிகளும் பகிரும் கோப்புகளை வைத்திருக்கும் பெட்டி) சுவிட்சை அணைத்துவிட்டு, பிறகு மாணவர் கணினிகளை ஒவ்வொன்றாக அணைக்கிறார். கணினிகள் எல்லாம் இல்லாத பெட்டியிடம் விடைபெற முயன்று தொங்குகின்றன. இங்கே முதல் மருந்து சுவரில் ஒரு தாள்: மாணவர் கணினிகள் முதலில், நாஸ் கடைசியில். இரண்டாவது, பகிர்வை எப்போதும் இணைத்து வைக்காமல், தொட்டால் மட்டும் இணையும் ஆட்டோமவுண்ட் முறைக்கு மாற்றி, சிறிது நேரம் யாரும் தொடாவிட்டால் தானே கழன்றுகொள்ளும்படி ஓய்வு நேரமும் கொடுப்பது. அணைக்கும் நேரத்தில் கழற்றுவதற்கே ஒன்றும் இருக்காது.

என்எஃப்எஸ் பகிர்வை 'சாஃப்ட்' என்று மாற்றினால் தொங்காது என்று சொல்லித் தருகிறவர்களும் உண்டு. தொங்காதுதான். ஆனால் சர்வர் பதில் தராதபோது எழுதும் வேலை பாதியில் கைவிடப்படும். நிரல் அந்தப் பிழையைக் கவனிக்காவிட்டால் கோப்பு ஓசையில்லாமல் கெடும். மாணவர்கள் படிக்க மட்டும் பயன்படுத்தும் பாடக் கோப்புகளுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். மதிப்பெண் பட்டியல் எழுதப்படும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

## வழி 4: நிரலையோ நிறுத்தும் முறையையோ திருத்துவது

ஓடும்போதே நிறுத்திப் பார்த்தும் தொங்கிய சேவைகளுக்கு இதுதான் உண்மையான மருந்து. நேரம் பிடிக்கும், சில சமயம் நிரல் எழுதியவரைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். ஆனால் எல்லாச் சேவைக்கும் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பாதி நேரம் தவறு சைகையில் இருக்கிறது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் நல்ல உதாரணம். அதன் முதன்மைச் செயல்முறைக்கு மட்டும் சிக்-டெர்ம் வந்தால், இப்போது இணைந்திருக்கும் எல்லாரும் தாமாக வெளியேறும்வரை அது பொறுமையாகக் காத்திருக்கும். கூட்டுறவுக் கடையில் இரண்டு கல்லாக் கணினிகளில் பில் போடும் திரையைத் திறந்தபடியே விட்டுச் சென்றால், அந்த இணைப்புகள் யாரும் இல்லாமல் திறந்தே கிடக்கும். 90 விநாடி முடிந்ததும் தரவுத்தளம் கொல்லப்படும். மறுநாள் காலையில் அது மீட்பு வேலையோடு எழும். சிக்-இன்ட் என்ற சைகையை அனுப்பினாலோ, முடியாத வேலைகளைக் கைவிட்டு, இணைப்புகளைத் தானே துண்டித்து, ஒழுங்காக மூடிக்கொள்ளும். விநியோகத்தோடு வரும் யூனிட் கோப்பில் இதெல்லாம் கவனிக்கப்பட்டிருக்கும். கையால் எழுதிய கோப்பில்தான் விட்டுப்போகும். 'கில் சிக்னல்' வரியில் சிக்-இன்ட், 'கில் மோட்' வரியில் 'மிக்ஸ்ட்' என்று எழுதினால் பிரச்சினை அன்றோடு முடியும். இது நேரத்தை 10 விநாடியாகக் குறைப்பதைவிடச் சிறந்தது மட்டுமல்ல, வேகமானதும்கூட.

'கில் மோட்' வரியில் 'நன்' என்று எழுதச் சொல்லும் பழைய குறிப்புகளை நம்ப வேண்டாம். அது செயல்முறைகளை நிறுத்தாமலே விட்டுவிடும். புதிய பதிப்புகள் அதைப் பார்த்தாலே எச்சரிக்கின்றன.

சொந்த நிரலானால் பைத்தானில் அடிக்கடி காண்பது இது: எடைக்காட்டியிலிருந்து நெட்வொர்க் வழியாக எண்ணைப் படிக்க ஒரு திரெட் (நிரலுக்குள் இணையாக ஓடும் ஒரு வேலை) தனியாக ஓடும். சைகை வந்ததும் முதன்மைத் திரெட் முடிந்துவிடும். ஆனால் படிக்கும் திரெட், எடைக்காட்டி அடுத்த எண்ணை அனுப்பும்வரை சாக்கெட்டில் (நெட்வொர்க் இணைப்பின் வாசலில்) கண்ணை வைத்துக் காத்திருக்கும். ராத்திரியில் லாரி வராது, எண்ணும் வராது. அந்தத் திரெட் முடியாதவரை நிரலும் முடியாது. சாக்கெட்டுக்கு இரண்டு விநாடி காலவரம்பு கொடுத்து, ஒவ்வொரு முறை விழிக்கும்போதும் 'நிற்கச் சொன்னார்களா' என்று பார்க்கும்படி எழுதினால் போதும். அதோடு, எடை பதிந்த உடனேயே அதை வட்டில் உறுதிப்படுத்தி எழுதும்படியும் செய்யச் சொல்வேன். அப்படிச் செய்துவிட்டால் அதன் பிறகு யார் எப்படிக் கொன்றாலும் எடை போகாது.

மறைந்த செலவு, நிரலைத் தொடுகிற யாருக்கும் தெரிந்ததுதான்: மாற்றியதைச் சோதிக்க வேண்டும், அதுவும் லாரிகள் வரும் பகலில், உண்மையான சுமையோடு. வெளியிலிருந்து வாங்கிய நிரலில் உள்ளே கை வைக்க முடியாது. அப்போது சைகையை மாற்றுவதும் நிறுத்தும் கட்டளையைத் திருத்துவதும் மட்டும்தான் நம் வசம் உள்ளவை.

## வழி 5: வலுக்கட்டாயமாக நிறுத்துவது

இது வழக்கமாக்கக் கூடாதது. ஆனால் தெரிந்து வைத்திருக்க வேண்டியது. வலுக்கட்டாயத்திலும் படிகள் உள்ளன, எல்லாம் ஒன்றல்ல.

ஒரு செயல்முறையை மட்டும் கொன்றால், அது தன் சொந்த நினைவில் வைத்திருந்ததுதான் போகும். கெர்னலிடம் ஏற்கெனவே ஒப்படைத்தது வட்டுக்குப் போய்ச் சேரும். மின்சாரத்தையே வெட்டினால் கெர்னல் கையில் இருந்ததும் போகும். வழக்கமான அமைப்பில் எழுதப்பட்ட தரவு 30 விநாடிபோல நினைவகத்திலேயே தங்கியிருக்கலாம். எக்ஸ்ட்4-இன் ஜர்னல் (அது தனக்குள் வைத்திருக்கும் மாற்றக் குறிப்பேடு), கோப்பு முறையின் கட்டமைப்பைத்தான் காக்கிறது. உங்கள் கடைசி வரியை அல்ல.

ஆகவே பூட்டுகிறவர் பொத்தானை அழுத்துவதைவிட, கண்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் 2 விநாடிக்குள் ஏழு முறைக்கு மேல் அழுத்துவது மேல். சிஸ்டம்டி சேவைகளின் வரிசையை விட்டுவிட்டு, செயல்முறைகளை முடித்து, கோப்பு முறைகளைக் கழற்றி, கணினியை மறுபடி தொடங்கும். அதற்கும் மசியாவிட்டால் ஆல்ட்டும் சிஸ்ரிக்யூ விசையும் (பெரும்பாலும் பிரிண்ட் ஸ்கிரீன் விசைதான்) பிடித்தபடி எஸ், யு, பி என்று வரிசையாக அழுத்தலாம்: வட்டில் எழுது, எழுத்தைப் பூட்டு, மறுபடி தொடங்கு. உபுண்டுவின் இயல்பான அமைப்பு இந்த மூன்றையும் அனுமதிக்கிறது. இரண்டு முறையிலும் கணினி மறுபடி எழும், அணையாது என்பதைப் பூட்டுகிறவருக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | தரவு | பூட்டுகிறவர், யுபிஎஸ் | மறைந்த செலவு | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| பொது நேரம் குறைப்பு | ஒழுங்கான சேவையும் வெட்டுப்படலாம் | உடனடி நிம்மதி | எந்தச் சேவை தொங்கியது என்பதே தெரியாமல் போகும் | எதையும் சேமிக்காத கணினி |
| ஒரு சேவைக்கு மட்டும் | அந்தச் சேவை சும்மா காத்திருந்தால் பத்திரம் | நல்லது | நிரல் மாறும்போது பழைய வரி ஆபத்தாகும் | பதிவு செய்யாத இடைச்சேவை |
| வரிசைத் திருத்தம் | பத்திரம் | நல்லது | பிறர் சுவிட்சை அணைக்கும் பழக்கத்தைத் தடுக்காது | ஓடும்போது உடனே நிற்கும் சேவை |
| நிரல், சைகைத் திருத்தம் | மிகப் பத்திரம் | நல்லது | நேரம், சோதனை, நிரலரின் உதவி | ஓடும்போதும் தொங்கும் சேவை. கூலி, கணக்கு |
| வலுக்கட்டாயம் | ஆபத்து, ஆனால் படிப்படியாக | கடைசி வழி | பழகிவிட்டால் நோய் தெரியவே தெரியாது | வேறு எதற்கும் மசியாத ஓர் இரவு |

## எந்த இடத்துக்கு எது

தமிழ்ப்பள்ளிக் கணினி அறையில் முதலில் தாளை ஒட்டுங்கள். பிறகு பகிர்வை ஆட்டோமவுண்டுக்கு மாற்றுங்கள். அதன் பிறகும் மாணவர் கணினிகளில் ஏதாவது தொங்கினால் பொது நேரத்தை 20 விநாடியாகக் குறைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. நாஸ் பெட்டியில் மட்டும் நேரத்தைத் தொடாதீர்கள்.

கூட்டுறவுக் கடையில் சைகைத் திருத்தம்தான் முதல் வேலை. கல்லாத் திரைகளை மூடிவிட்டுப் போகச் சொல்வது உதவும். ஆனால் மாதக் கடைசி நெரிசலில் யாரும் மறப்பார்கள், அதை மட்டும் நம்பி இருக்கக் கூடாது.

கோயில் அலுவலகத்தில் பெரும்பாலும் கேமராப் படங்களும் நன்கொடைப் பதிவும் ஒரே பெட்டியில் ஓடுகின்றன. இங்கே பொது நேரத்தைக் குறைக்க வேண்டாம். கேமராச் சேவைக்கு மட்டும் 10 விநாடி கொடுங்கள். நன்கொடைப் பதிவை அதன் போக்கில் விடுங்கள். நிர்வாகம் ஒப்புக்கொண்டால் இரண்டையும் வேறு வேறு கணினிக்குப் பிரிப்பது இன்னும் நல்லது.

எடைமேடையில் ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்ற வேண்டாம். முதல் நாள் வரிசை வரியை மட்டும் சேர்த்து, இரவில் அணைத்துப் பாருங்கள். அது போதவில்லை என்றால் நிரலில் காலவரம்பும் உடனடியாக எழுதும் வசதியும் வரும்வரை 90 விநாடியை அப்படியே விட்டுவையுங்கள். அதுவரை யுபிஎஸ்ஸுக்குப் புதிய பேட்டரி வாங்கிக் கொடுக்கும்படி அலுவலகத்தில் கேளுங்கள். பூட்டுகிற கிராணி அண்ணனிடமும் பேசுங்கள்: அணைக்கச் சொல்லிவிட்டு அவர் வெளிக்கதவைப் பூட்டப் போகலாம், சுவர் சுவிட்சை மட்டும் தொட வேண்டாம், கணினி தானாக அணைந்துகொள்ளும். மறுநாள் காலை முந்தைய இரவின் பதிவேட்டில் 'டைம்ட் அவுட்' என்ற வரி இருக்கிறதா என்று தேடிப் பார்த்து, கடைசி லாரியின் எடைச்சீட்டையும் கணினியில் உள்ள கடைசிப் பதிவையும் ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இரண்டும் ஒத்துப்போய், அந்த வரியும் இல்லையென்றால், வேறு எதையும் மாற்ற வேண்டியதில்லை.